ஓரியின் அரண்மனை எங்கே? கொல்லிமலை மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பதில்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டுக்கு வந்து சேரும் சுற்றுலாப் பயணி, வல்வில் ஓரி சிலை முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வார். ஆடி மாதத்தில் வந்தால் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவையும் பார்க்கலாம். அடுத்து பலருக்கும் எழும் கேள்வி இதுதான்: "சரி, ஓரியோட அரண்மனை எங்கங்க இருக்கு?"

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் 'இதுதான் அது' என்று சான்றோடு காட்டும்படி மலையில் ஓர் இடம் இல்லை. ஏன் இல்லை? தேடினால் கிடைக்குமா? தொல்லியல் இதற்கு என்ன சொல்கிறது?

யார் இந்த ஓரி?

கடையெழு வள்ளல்களில் ஒருவர். வில்லாற்றலுக்குப் பெயர் பெற்றவர். வன்பரணர் உள்ளிட்ட சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கரூரில் கிடைத்த சேரர் காசுகளில் 'கொல்லிப்புறை', 'கொல்இரும்பொறை' என்று தமிழி எழுத்தில் பொறித்த பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களில் கொல்லிமலையின் தொடர்பைக் காணும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆக, ஓரியைப் பற்றிப் பாட்டு இருக்கிறது, மலையின் பெயர் இருக்கிறது. வீடு மட்டும் இல்லை.

வீடு ஏன் கண்ணில் படவில்லை?

அரண்மனை என்றதும் நம் மனதில் தஞ்சாவூர், மதுரை அரண்மனைகள் வந்து நிற்கின்றன. அவை ஓரி காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. பழங்காலத்தில் ஒரு மலைத் தலைவனின் வீடு பெரும்பாலும் மரம், மூங்கில், மண், புல் கொண்டுதான் எழுந்திருக்கும். கல் நிற்கும், மரம் மக்கிவிடும்.

ஆனால் முழுசா அழியாது. கம்பம் நட்ட குழியில் மரம் மக்கிப்போன பிறகு, அந்த இடத்து மண் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நிறம் மாறி, இளகி நிற்கும். மேல்மண்ணைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தால் வட்டம் வட்டமாகக் கறைகள் தெரியும். அவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால் வீட்டின் நீளம், அகலம், வாசல், அடுப்பு எல்லாம் தெரிந்துவிடும். திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் புதிய கற்கால மக்களின் குழி வீடுகளை இப்படித்தான் அடையாளம் கண்டார்கள். கொடுமணலிலும் கம்பக் குழிகள் கிடைத்திருக்கின்றன.

இங்கிலாந்தில் கிடைத்த பாடம்

ஓர் ஊர்த் தலைவனின் வீட்டை மண் கறையை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டிய இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள கோல்தோ. 1970களின் தொடக்கத்தில் கய் பெரஸ்போர்ட் அங்கே அகழாய்வு செய்தார். நார்மன் காலத்து மண்கோட்டைக்கு அடியில், அதற்கும் முந்தைய சாக்சன் காலப் பிரபுவின் வளாகம் இருந்தது. பெரிய கூடம், தனி அறை, சமையற்கட்டு, சுற்றிலும் அகழியும் மண்கரையும். எல்லாமே மரக் கட்டடங்கள். ஒன்று பழசானதும் அதே இடத்தில் இன்னொன்று என்று பல தலைமுறைகள் கட்டியிருக்கிறார்கள்.

சாக்சன் காலத்தின் கடைசியில், யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டன் எழுதியதாகக் கருதப்படும் ஒரு குறிப்பு உண்டு. சாதாரணக் குடியானவன் பிரபு தகுதிக்கு உயர என்னென்ன வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது: ஐந்து 'ஹைட்' நிலம், தேவாலயம், சமையற்கூடம், மணிக்கூடு, காவல் வாசல். அதாவது, வீட்டு வாசலைப் பார்த்தே ஆளின் தகுதியைச் சொல்லிவிடலாம்.

அதே காலத்தில் இங்கே?

இங்கிலாந்தின் பிற்காலச் சாக்சன் யுகம் நமக்குச் சோழர் காலம். முதலாம் ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் எதெல்ரெட். 1086இல் அங்கே டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பு நடந்தது. அதே ஆண்டில் இங்கே முதலாம் குலோத்துங்கன் நிலத்தை அளந்தான். தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

சோழ நாட்டிலும் உள்ளூர்ப் பெரியதனக்காரர்கள் இருந்தார்கள். ஊர்ப் பெயரோடு 'கிழான்', 'உடையான்' என்று சேர்த்துக்கொண்டவர்கள், 'மூவேந்தவேளான்' பட்டம் பெற்றவர்கள். நொபோரு கராஷிமா, எ.சுப்பராயலு போன்ற அறிஞர்கள் கல்வெட்டுகளில் இந்தப் பெயர்களை எண்ணித் தொகுத்து, நிலம் யார் கையில் இருந்தது என்று ஆராய்ந்தார்கள். ஊரின் அமைப்பும் கல்வெட்டில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரிலும் வரி இல்லாத இடங்களைப் பட்டியலிடுகின்றன: ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, குளம், சுடுகாடு. யார் எங்கே குடியிருந்தார்கள் என்பது அந்த வரிகளிலேயே தெரிகிறது.

ஆனால் அவர்கள் குடியிருந்த வீடு? அரசனுடையது கிடைத்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 1980களிலும், மறுபடி 2021 முதலும் நடத்திய அகழாய்வுகளில் செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் வெளிவந்தன. செங்கல் என்பதால் தப்பித்தது.

வீட்டுக்குப் பூச்சு பூசவும் அனுமதியா?

ஆமாம். பிராமணர்களுக்கு ஊர் கொடுத்த சோழர் செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம் என்பது தனிச் சலுகையாகவே எழுதப்பட்டது. சலுகை என்றால், எல்லோருக்கும் அது இல்லை என்றுதானே அர்த்தம்?

கொல்லிமலையிலிருந்து தொலைவில் இல்லாத கரூர் பசுபதீஸ்வரர் கோயிலில் இன்னும் வெளிப்படையான ஒரு கல்வெட்டு உண்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் தாங்கிய அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கொடுத்த உரிமைகள் அதில் இருக்கின்றன. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம். கோயில் கட்டியவர்களும் நகை செய்தவர்களும் தங்கள் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை தேவைப்பட்டிருக்கிறது!

இங்கேதான் தொல்லியல் முக்கியமாகிறது. செங்கல்லுக்கு அனுமதி இருந்தவர்களின் வாழ்க்கை சுவராக நிற்கிறது. அனுமதி இல்லாதவர்களின் வாழ்க்கை மண் கறையாக மட்டுமே இருக்கிறது. அந்தக் கறையும் போனால், அவர்கள் இருந்ததற்கான கடைசி ஆதாரமும் போய்விடும்.

கொல்லிமலையில் மிச்சம் என்ன?

நிறையவே. மலையில் கல்திட்டைகள் இருக்கின்றன. பளபளப்பாக மெருகேற்றிய புதிய கற்காலக் கைக்கோடரிகளை மலைக்கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிடும் வழக்கம் இங்கும் சேர்வராயன், ஜவ்வாது மலைகளிலும் உண்டு. தேவாரம் பெயர் சொல்லும் அறைப்பள்ளிதான் இன்றைய அறப்பளீஸ்வரர் கோயில்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மிச்சமும் உண்டு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு... மலையின் 14 ஊராட்சிகளின் பெயரும் 'நாடு' என்றே முடிகின்றன. சோழர் கல்வெட்டில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதன் நிலக்காரர்களின் சபை நாட்டார். சமவெளியில் அந்தச் சொல்லின் பொருள் மாறிப்போனது. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகக் கதை சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்களின் மலையில் அது இன்னும் ஊர்க்கூட்டத்தின் பெயராகவே நிற்கிறது.

இப்போது என்ன ஆபத்து?

கம்பக் குழிகள் பெரும்பாலும் ஆழத்தில் இருப்பதில்லை. மரவள்ளிக்குச் சரிவைச் சமன் செய்தாலும், விடுதி கட்ட பொக்லைன் இறங்கினாலும், அரை நாளில் பல நூற்றாண்டு மண்ணடுக்கு கலைந்துவிடும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பழைய விலைமதிப்புள்ள பொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பொருளைத்தான் பார்க்கிறது. மண்ணின் நிற மாற்றம் அதன் கணக்கில் வராது.

அதனால் தோண்டும்போது கருப்பு வட்டங்கள், பானை ஓடுகள், கரித்துண்டு, இரும்புக் கசடு தென்பட்டால் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி, இடம் மாறாமல் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்வது நல்லது. ஓட்டை எடுத்து வீட்டில் வைத்தால் அது வெறும் ஓடு. கிடைத்த இடத்திலேயே இருந்தால்தான் அது ஒரு வீட்டின் முகவரி.

ஓரியின் அரண்மனை ஒருநாள் கிடைக்கலாம். கிடைத்தால், தூணும் மாடமும் இருக்காது; வரிசையாகச் சில கருப்பு வட்டங்கள் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே, அவர் பரிசு கொடுத்த பாணனும், அவருக்குத் தினை விளைத்தவரும் குடியிருந்த வட்டங்களும் இருக்கும்.