பழைய காரில் ஸ்டீரியோ

ஸ்டீரியோ என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. திண்மை உடையது, கனவடிவம் கொண்டது என்பது அதன் பொருள். ஒரே ஸ்பீக்கரின் வழியாக ஒரு கச்சேரியைக் கேட்பது, மண்டபத்துச் சுவரில் உள்ள ஒரு துளையில் காதை வைத்துக் கேட்பதைப் போன்றது. பாட்டு வரும், ஆனால் பாடகர் நடுவில், வயலின் ஒரு புறம், மிருதங்கம் மறு புறம் என்று இடம் பிரித்துக் கேட்க இயலாது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இரண்டு தனித்தனி ஒலிகளை அனுப்பினால் இந்த இடவேறுபாடு காதுக்குப் புலப்படுகிறது. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931 டிசம்பரில் இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காரில் பொருத்தத்தக்க ரேடியோவைச் செய்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயரிட்டிருந்தார்கள். இவ்வாறு கார் ரேடியோவும் ஸ்டீரியோவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை எனினும், இரண்டும் ஒன்றுசேர நெடுநாள் ஆயிற்று.

விலையுயர்ந்த கார்களில் தொழிற்சாலையே இசைக்கருவிகளைப் பொருத்தித் தந்துவிடுகிறது. அவற்றைப் பற்றி நாம் இங்குப் பேசப்போவதில்லை. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக விளங்கிய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் கார் அதன் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், மெல்லிய தகடு, சிக்கனமான உள்ளமைப்பு ஆகியவையே அதன் இலக்கணம். அண்ணனோ மாமாவோ பயன்படுத்திய அத்தகைய கார் ஒன்று கைக்கு வந்தவுடன், அதில் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று இளைஞர்க்குத் தோன்றுவது இயற்கை. சென்னையானால் அவர் ரிச்சி தெருவுக்குப் போவார். வேறு ஊரானால் கடைத்தெருவில் உள்ள கார் அலங்காரக் கடைக்குப் போவார். கையில் இருப்பதோ சிறு தொகை. அதை எதில் செலவிடுவது என்பதற்கு விடை உங்கள் பௌதிகப் பாடநூலிலேயே இருக்கிறது.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட் கணக்கு. நடுவே பொருத்தும் பாட்டுப்பெட்டியின் அட்டையில் '50 வாட், 4 ஸ்பீக்கர்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இதனைச் சற்றே சோதித்துப் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 4 ஓம். பெட்டியினுள் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் இயங்குவதால், இரு திசையிலும் அதிகப்படியாக 14.4 வோல்ட் வரை செலுத்தலாம். அதற்குமேல் செலுத்த அதனிடம் ஒன்றுமில்லை. ஒழுங்கான அலை ஒன்றின் உச்சம் 14.4 வோல்ட் என்றால், அதன் பயன் தரும் அளவு ஏறத்தாழ 10.2 வோல்ட். இதனை வர்க்கித்து 4-ஆல் வகுத்தால் கிடைப்பது 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்புகளையும் கழித்தால், தெளிவான ஒலியாக வெளிவருவது 20 வாட்டை ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வந்தது? 14.4-ஐ அப்படியே வர்க்கித்து 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 51.84 வரும். அலையின் தலையையும் அடியையும் வெட்டிச் சதுரமாக்கினால்தான் அந்த அளவு கிட்டும். அவ்வாறு வெட்டுண்ட ஒலி பாட்டாக இராது. கரகரவென்னும் இரைச்சலாகவே இருக்கும். அட்டையில் அச்சிட்ட எண் பொய்யும் அன்று, மெய்யும் அன்று; வியாபாரத்திற்குரிய எண் என்று கொள்வோம். ஆயினும் இதற்காக மனம் தளர வேண்டுவதில்லை. சாதாரணக் கார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலும், ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 90 டெசிபெல் ஒலி எழும். அச்சிறு காரினுள் அதுவே உரத்த ஒலிதான். மேலும், வாட்டை இருமடங்காக்கினால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். 20 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு, விலைச்சீட்டில் தெரியும் அளவுக்குக் காதில் தெரியாது.

எனினும் சிலர்க்குத் தவிலும் மிருதங்கமும் அடிவயிற்றில் அதிர வேண்டும். அவர்கள் தனி ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கிப் பின்புறம் வைக்கிறார்கள். அது காரின் 12 வோல்ட்டைத் தனக்குள்ளே உயர்த்திக்கொண்டு உண்மையாகவே அதிக வாட்டைத் தரவல்லது. ஆனால் சக்தி வெற்றிடத்திலிருந்து வருவதில்லை. நான்கு ஸ்பீக்கர்களுக்கு 50 வாட் வீதம் 200 வாட் வேண்டுமானால், பாதி வெப்பமாய் வீணாகும் வகை ஆம்ப்ளிஃபையர் 400 வாட்டை விழுங்கும்; அதாவது உச்சநிலையில் 28 ஆம்பியருக்கு மேல். பாட்டில் உச்சம் எப்போதும் நிற்பதில்லை என்பதால் சராசரி இதனினும் மிகக் குறைவே. ஆயினும் மழை பெய்யும் இரவில், சிக்னலில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, முகவிளக்கு, வைப்பர், விசிறி ஆகிய யாவும் அந்தச் சிறிய ஆல்டர்னேட்டரையே நம்பியிருக்கின்றன. அந்நேரத்தில் முகவிளக்கு மிருதங்கத்திற்கேற்ப மங்கியும் ஒளிர்ந்தும் தாளம் போடுமானால், காரின் சக்திக்கு மீறிய கருவி அதில் ஏறியிருக்கிறது என்று அறியலாம்.

இனி, இப்பொருளில் மிக முக்கியமானதொன்றைக் கூற வேண்டும். பேட்டரி முன்னே எஞ்சின் அறையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் பின்னே இருக்கிறது. இடையே சுமார் 5 மீட்டர் நீளக் கம்பி ஓட வேண்டும். குறுக்குவெட்டு 0.75 சதுர மில்லிமீட்டர் உள்ள மெல்லிய செப்புக் கம்பியை இட்டால், அதன் தடை ஏறத்தாழ 0.115 ஓம். 20 ஆம்பியர் பாயும்போது 2.3 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 46 வாட் வெப்பம் கம்பியில் உண்டாகும். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையிலுள்ள 25 வாட் பற்றவைப்புக் கோல்கள் இரண்டினை, இருக்கைக்கு அடியில் கம்பளத்தால் மூடி வைத்ததற்கு அது ஏறக்குறையச் சமம். 8 சதுர மில்லிமீட்டர் கம்பியிட்டால் இழப்பு 0.2 வோல்ட் அளவே. வெப்பமும் 4 வாட்டைச் சற்றே தாண்டும். மலிவாக விற்கும் கம்பிகள் பலவற்றில் செம்பு மேற்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியம் செம்பைக் காட்டிலும் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்துமாதலால் அதனை இன்னும் தடிப்பாகவே இட வேண்டும்.

தடித்த கம்பி இட்டாலும் வேறோர் ஆபத்து இருக்கிறது. எஞ்சின் அறைக்கும் நம் கால்மாட்டுக்கும் இடையே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. அதிலுள்ள துளை வழியாகவே கம்பி உள்ளே வர வேண்டும். பழைய கார் ஓடும்போது அதிர்கிறது; துளையின் விளிம்போ கத்தி போன்றது. அங்கே ரப்பர் வளையம் இடாவிட்டால் நாளடைவில் கம்பியின் உறை அறுபடும். காரின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், செம்பு தகட்டைத் தொட்ட அந்தக் கணமே பல நூறு ஆம்பியர் பாயும். கம்பி பழுக்கச் சிவந்து, உறை தீப்பற்றும். 'ஆம்ப்ளிஃபையரில்தான் ஃப்யூஸ் இருக்கிறதே' என்று சிலர் கேட்பதுண்டு. அந்த ஃப்யூஸ் கம்பியின் கடைக்கோடியில் இருக்கிறது. விபத்து நேர்வதோ அதற்கு முன்னால். கடைக்கோடியை எட்டாத மின்னோட்டத்தை அந்த ஃப்யூஸ் எவ்வாறு தடுக்கும்? ஆதலால் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். இந்த ஃப்யூஸ் காப்பது கம்பியை, கருவியை அன்று. எனவே அதன் அளவையும் கம்பியின் தடிமனைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். மேற்சொன்ன 8 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு 40 ஆம்பியர் பொருந்தும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அதைவிடப் பெரியதை மாட்டுவது, காவற்காரன் கூச்சலிடுகிறான் என்று அவன் வாயைக் கட்டுவது போலாகும்.

மின்சாரத்தை விட்டு இனி ஒலிக்கு வருவோம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே அசையும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே நேரத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இவ்விரு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உச்சமான ஒலிகளின் அலைநீளம் சிறியது. அவை அவ்வளவாக வளைந்து செல்வதில்லை. ஆனால் 100 ஹெர்ட்ஸ் அளவுள்ள கனத்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அது கதவின் உட்தகட்டில் உள்ள துளைகளின் வழியாக எளிதில் சுற்றி வந்து முன்னலையைக் கொன்றுவிடும். கதவில் பொருத்திய ஸ்பீக்கரில் கனத்த ஒலி வரவில்லை என்று குறைகூறுவோர் பெரும்பாலும் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது கதவை. உட்தகட்டின் துளைகளை அடைத்து, மெல்லிய வெளித்தகட்டின் உட்புறத்தில் அதிர்வைத் தணிக்கும் பிசுபிசுப்பான ரப்பர்த் தகட்டை ஒட்டினால், அதே ஸ்பீக்கர் வேறொன்று போல ஒலிக்கும். பழைய சிறு காரில், செலவுக்கேற்ற பலனை இதைவிட அதிகமாகத் தருவது வேறில்லை என்பது என் கருத்து.

இவ்வேலையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மழைநீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கி அடித்துளை வழியே வெளியேறுகிறது; அத்துளைகளை அடைத்தால் கதவு துருப்பிடித்துப்போகும். அடுத்து, கண்ணாடியை முழுவதும் இறக்கிவைத்த பிறகே ஸ்பீக்கரின் ஆழத்தை அளக்க வேண்டும். இல்லையேல் காந்தத்தில் கண்ணாடி மோதும்.

நம் ஊர்களில் பலரும் பின் இருக்கைக்குப் பின்னுள்ள தட்டில் முட்டை வடிவான பெரிய ஸ்பீக்கர்களை வைப்பர். பாடகர் நம் பிடரிக்குப் பின்னே நின்று பாடுவது யாருக்கு வேண்டும்? அது கிடக்கட்டும், உறுதியாகத் திருகப்படாத கனத்த காந்தம், கார் சட்டென நிற்கும்போது பின்னிருக்கையில் உள்ளவர் தலையை நோக்கிப் பறந்து வரும். இசையில் நாட்டமில்லாதவரும் ஒப்புக்கொள்ளத்தக்க காரணம் இது.

இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே முறையில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகுமானால், கனத்த ஒலி நடுவில் மறைந்துவிடும். 1.5 வோல்ட் டார்ச்சு செல் ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், செல்லின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை.

இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும் காரில் ஸ்டீரியோவுக்கு ஓர் இயற்கையான இடையூறு உண்டு. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்புறம் அமர்கிறார். வலக்கதவு ஸ்பீக்கர் அவர் காதுக்கு 80 சென்டிமீட்டர் தொலைவிலும், இடக்கதவு ஸ்பீக்கர் 130 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வது. ஆகவே வலப்புற ஒலி ஒன்றரை மில்லி நொடி முந்தி வந்துவிடுகிறது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் விளக்கியபடி, ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முந்தி வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக நம் மூளை முடிவு செய்கிறது. ஆகவே கச்சேரி முழுவதும் வலக்கதவில் ஒட்டிக்கொள்கிறது. வலப்புற ஒலியை அந்த ஒன்றரை மில்லி நொடி தாமதப்படுத்தினால், பாடகர் ஓட்டுபவரின் நேர் எதிரே நகர்ந்து வருவார். இந்த வசதியுள்ள பாட்டுப்பெட்டிகள் இன்று சுமாரான விலைக்கே கிடைக்கின்றன. நான் வாங்குவதாயின், பெரிய வாட் எண்ணை விட்டு இவ்வசதிக்கே பணம் கொடுப்பேன். ஓட்டுபவர்க்குச் சரிசெய்தால் அருகில் அமர்ந்தவர்க்குக் கெடும், அதற்கு மாற்றில்லை.

ஒலியளவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பழைய காரில் சாலையின் இரைச்சலும் எஞ்சினின் இரைச்சலும் மிகுதி. அவற்றை அமுக்குவதற்காகவே பலரும் பாட்டின் ஒலியைக் கூட்டுகிறார்கள். செவிக்குத் தீங்கின்றி வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கத்தக்க அளவு 80 டெசிபெல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரம் கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகும். 89 டெசிபெல்லில் வாரத்திற்கு 5 மணி நேரமே. கதவில் ஒட்டிய ரப்பர்த் தகடு இங்கே மறுமுறையும் உதவுகிறது. இரைச்சல் தணிந்தால் பாட்டை உரக்க வைக்கத் தேவையில்லை, பின்னால் வரும் ஆம்புலன்சின் ஒலியும் காதில் விழும்.

கடைசியாக, நிறுத்திய காரைக் கவனிப்போம். பாட்டுப்பெட்டியின் மஞ்சள் கம்பி எப்போதும் பேட்டரியோடு இணைந்திருப்பது. நிலையங்களை நினைவில் வைத்துக்கொள்ள மிகச் சிறிதளவு மின்சாரம் அதன் வழியே போகும். அதனால் தீங்கில்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுவது சிவப்புக் கம்பி. ஆம்ப்ளிஃபையரை இயக்கச் செல்வது நீலமும் வெள்ளையும் கலந்த கம்பி. இக்கம்பியை அறியாமல் மஞ்சளோடு முறுக்கிவிட்டால், ஆம்ப்ளிஃபையர் இரவு பகலாக விழித்திருக்கும். அது சும்மா இருக்கும்போது ஓர் ஆம்பியரே இழுத்தாலும், ஒரு நாளில் 24 ஆம்பியர்-மணி கரைந்துவிடும். மாருதி 800-இல் வழக்கமாக இடும் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. ஞாயிறு மாலை நிறுத்திய கார் செவ்வாய்க்கிழமை காலை கிளம்பாது.