கம்பம் பள்ளத்தாக்கில் சந்தையும் அரசும்

கட்சி அரசியலுக்கு வெளியே நின்று, ஆய்வறிக்கைகளின் வழியாக ஆட்சியாளர்களின் முடிவுகளை மாற்ற முனையும் அமைப்பைச் சிந்தனைக் குழு என்பர். 1978-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட மன்ஹாட்டன் இன்ஸ்டிடியூட் நகர நிர்வாகம், காவல், பள்ளிக்கல்வி ஆகியவற்றைப் பழமைவாத நோக்கில், அதாவது அரசின் தலையீடு குறைந்து சந்தையும் சட்டம் ஒழுங்கும் வலுப்பெற வேண்டும் என்ற நிலையிலிருந்து ஆராய்வதால் அறியப்பட்டது.

இந்தியாவில் சந்தைக்கான இந்தக் குரல் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே எழுந்துவிட்டது. 1952-இல் சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாடுகளை நீக்கினார். 1956-இல் பம்பாயில் ஏ.டி. ஷிராஃப் தொடங்கிய ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் சிறு வெளியீடுகளாலும் சொற்பொழிவுகளாலும் தனியார் தொழில்முயற்சிக்காக வாதிட்டது. 1959-இல் ராஜாஜி, ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ (அனுமதி, உரிமம், ஒதுக்கீடு ஆகியவற்றின் ஆட்சி) என்று தாம் சாடிய ஆட்சிமுறைக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியை நிறுவினார். 1997-இல் டெல்லியில் உருவான சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி, தெரு வியாபாரிகள் பிழைப்பதற்கான உரிமைக்காக வாதாடியது, இம்மரபின் மிக மதிக்கத்தக்க பணி.

சந்தைக்கு ஆதரவான இவ்வாதத்தைச் சோதிப்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு அமைந்த தேனி மாவட்டம் பொருத்தமான களம். இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. விலையை வாங்குவோரின் போட்டியே தீர்மானித்தாலும், அந்த ஏலம் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலம் நடத்துவோரால், அதன் விதிகளின்படியே நடக்கிறது. அரசின் பங்குக்கு அதைவிட ஆழமான சான்று தண்ணீரே. 1895-இல் சென்னை மாகாண அரசு பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே கடலுக்கு ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியிராவிட்டால், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இன்று நடக்கும் இருபோக நெல் சாகுபடி இந்த அளவில் சாத்தியமில்லை. எந்த வணிகரும் தனித்து மேற்கொள்ளக்கூடிய முதலீடு அன்று அது.

ஆகவே அரசு பெரிதா சிறிதா என்ற கேள்வியைவிட, எந்தப் பணியில் அது இருக்கிறது என்ற கேள்வியே இங்குப் பயன்தரும். அணையையும் கால்வாயையும் பராமரிப்பது ஒருவகை. சாலையோரம் காய் விற்பவரை விரட்டுவது முற்றிலும் வேறுவகை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தேனி அல்லிநகரம், கம்பம், போடிநாயக்கனூர் போன்ற நகராட்சிகளில் இவ்விரு விதிகளும் எவ்வளவு நடைமுறையில் உள்ளன என்பதை ஆராய்வதே எந்தச் சிந்தனைக் குழுவும் இப்பகுதிக்குச் செய்யக்கூடிய முதல் வேலை.