மறதிநோயின் நான்கு வழிகள்

முதியவர் ஒருவர் பொருளை வைத்த இடத்தை மறந்தால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். மறதி மிகுந்தால் "மறதிநோய்" என்கிறோம். இப்பெயர் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும், பெயரே சில வேளைகளில் நம்மை வழிதவறச் செய்துவிடுகிறது.

டிமென்ஷியா என்பது இலத்தீன் வழிவந்த சொல். 'மனம் நீங்கிய நிலை' என்பது அதன் வேர்ப்பொருள். அதில் மறதி என்னும் கருத்தே இல்லை. அஃது ஒரு தனி நோயுமன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களால் விளையும் நிலைக்குப் பொதுப்பெயர். அந்நோய்கள் தொடங்கும் இடமும் வேறு. செல்லும் போக்கும் வேறு. அவற்றுள் நான்கினை ஈண்டுக் காண்போம்.

மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901இல் பிராங்க்பர்ட் நகரில் அகஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணியை ஆராய்ந்தார். அவர் 1906இல் இறந்தபின், அவருடைய மூளையை உருப்பெருக்காடி வழியே ஆய்ந்து, அவ்வாண்டே தாம் கண்டதை அறிவித்தார். புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியையே இந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. ஆதலால் காலையில் உண்டது மறந்துபோகும். இளமையில் கற்ற பாட்டோ நினைவிலிருக்கும். பின்னர்ச் சொற்கள் தடுமாறும். பழகிய வழியும் மயங்கும். இறுதியில் உண்ணவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டும். சரிவான பாதையில் இறங்குவது போல் இஃது ஆண்டுக்கணக்கில் மெல்ல நடைபெறும்.

இரண்டாவது, இரத்தக் குழாய்களின் கேட்டால் வருவது. பக்கவாதத்திற்குப்பின் அறிவாற்றல் திடீரென ஒரு படி இறங்கும்; சிலகாலம் அங்கேயே நிற்கும்; மற்றொரு தாக்குதல் வந்தால் அடுத்த படி. சிறு குழாய்கள் பழுதுபடின் மெல்லவும் வளரும். நினைவுக்கு முன்னரே சிந்தனையின் விரைவும் திட்டமிடும் திறனும் குறையலாம். இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் கட்டுப்படுத்திப் புகைப்பதை நிறுத்தினால், அடுத்த படியைத் தடுக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, லூவி நோய். 1912இல் பிரெடெரிக் லூவி விவரித்த நுண்திரள்கள் மூளை அணுக்களில் சேர்வதால் வருவது. இதில் நிலைமை நாளுக்கு நாள், ஏன், மணிக்கு மணிகூட மாறும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் மயங்கியிருப்பார். "நடிக்கிறார்" என்று வீட்டார் கருதுவது பெரும்பிழை. இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் அவர் கண்ணெதிரே காண்பார், நடை தளரும், உடல் விறைக்கும். இத்தகைய தோற்றங்களை அடக்கத் தரப்படும் சில மனநோய் மருந்துகள் இவர்களுக்குக் கடுந்தீங்கு விளைவிக்கும். ஆகவே நோயின் வகையறிதல் உயிர்காப்பதாகும்.

நான்காவது, மூளையின் முன்புறத்தையும் பக்கப் பகுதிகளையும் தாக்குவது. பிராகு நகரின் அர்னால்டு பிக் 1892இல் இதனை முதன்முதல் விவரித்தார். பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். நினைவு நன்றாகவே இருக்கும், குணம் மாறும். அடக்கமானவர் நாணமின்றிப் பேசுவார், பரிவு குன்றும், இனிப்பை அளவின்றி உண்பார். வேறு சிலருக்கு முதலில் மொழியே குன்றும். இவரை மறதிநோயாளர் என்று எவர் ஐயுறுவர்? தீயொழுக்கம் எனக் கருதி உறவை முறிப்பாரே மிகுதி.

ஒருவர் மூளையிலேயே இவற்றுள் இரண்டு கலந்திருப்பதும் உண்டு. இவற்றை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தைராய்டுச் சுரப்பிக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியனவும் இவ்வாறே தோன்றக்கூடும்; அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஓரிரு நாளில் திடீரென எழும் குழப்பம் தொற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

எனவே, "எவ்வளவு மறந்தார்?" என்று மட்டும் பாராமல், "முதலில் மாறியது எது? எப்போது மாறியது? சரிந்ததா, படிபடியாக இறங்கியதா, ஏறியிறங்கியதா?" என்று குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுக. பாடத்தில் பின்தங்கிய மாணவனை மடையன் என்னுமுன், அவனுக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்ப்பது ஆசிரியர் கடமை. வீட்டிலுள்ள முதியவர்க்கும் அந்தப் பொறுமையை நாம் காட்டுதல் வேண்டும்.