உங்களுக்குத் தெரியுமா? மோதிரத்தை மறைக்கும் பீர் கேன்

அமெரிக்கப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரோடு அலைபவர்களுக்குத் தீராத தலைவலி, பழைய பீர் கேன்களைத் திறக்கப் பிய்த்தெடுக்கும் அலுமினிய வளையம். ஓஹியோக்காரர் எர்மல் ஃப்ரேஸ் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அந்தக் காலத்தில் பிய்த்த கையோடு புல்லில் வீசிவிடுவார்கள். டிடெக்டர் காட்டும் எண், உலோகத்தின் பெயரைச் சொல்லாது. மின் கடத்துதிறன், பருமன், வடிவம் எல்லாம் கலந்த கணக்கு அது. செம்பும் வெள்ளியும் சேர்த்த 14 காரட் தங்க மோதிரம் பல நேரம் இந்த வளையத்தின் எண்ணிலேயே வந்து விழும். வெள்ளி நாணயம் எங்கோ உயரத்தில் நிற்கும். குப்பை வேண்டாமென்று அந்த எண்களை அடக்கிவைத்தால் மோதிரமும் வாயைத் திறக்காது. பலர் தேடி முடித்த பூங்காவிலும் தங்கம் மிஞ்சுவது இதனால்தான். விவரமானவர்கள், நெருங்கிக் கிடப்பவற்றைப் பிரித்துக் காட்டும் சிறிய கம்பிச்சுருளை (காயில்) டிடெக்டரில் மாட்டிக்கொண்டு, வளையத்தின் எண் காட்டும் இடத்தையெல்லாம் தோண்டுகிறார்கள். முதுகுவலி இலவசம்!