சாந்தோம் பேராலயப் பள்ளியும் ஒரு கிலோமீட்டர் தொலைவும்

சாந்தோம் நெடுஞ்சாலையில் காலை வேளைகளில் பேருந்துகள் ஊர்ந்து செல்வதற்குப் பள்ளி வண்டிகளும் ஒரு காரணம். பேராலயத்தை ஒட்டி இயங்கும் புனித பீட் ஆங்கிலோ இந்தியன் மேல்நிலைப் பள்ளி 1907இல் தொடங்கப்பட்டது. இன்றைய பேராலயக் கட்டடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1896இல், எழுப்பப்பட்டது. கிரிக்கெட் வீரர் அஸ்வின் இங்குப் பயின்றவர். ஆங்கிலோ இந்தியன் என்ற தனிப் பாடத்திட்டம் 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. பெயர் மட்டும் நீடிக்கிறது.

பாடம் பொதுவாகிவிட்டது. சேர்க்கை?

கல்வி உரிமைச் சட்டம், 2009, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போர் இதற்கு விண்ணப்பிக்கலாம். பேராலயத்துக்கு அருகிலேயே நொச்சிக்குப்பம், வாரியக் குடியிருப்புகளோடு கடலைப் பார்த்து நிற்கிறது. ஆனால் 2014 மே 6 அன்று பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு, அவை அரசு உதவி பெற்றாலும், பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உறுப்பு 30(1) அதன் அடிப்படை. ஆக, இத்தகைய பள்ளிகளில் ஏழைக் குழந்தைக்கு இடம் தருவது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

உறுப்பு 30ஐ நாங்கள் மதிக்கிறோம். பெரும்பான்மைவாதம் கோலோச்சும் காலத்தில் அது தேவையான அரண். அந்த அரணுக்குள் தலித் கிறிஸ்தவரின் இடம் எது என்பதே எங்கள் கேள்வி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் பட்டியல் சாதித் தகுதி சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அரசின் பார்வையில் அவர் பட்டியல் சாதியினர் அல்லர். அவரது திருச்சபையின் பள்ளியோ சட்டத்தின் 25 விழுக்காட்டுக்கு அப்பால் நிற்கிறது. சபைக்குள் சாதி இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது என்பதை மறக்கலாகாது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், பிரமதி தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்து, அதனைப் பெரிய அமர்வு பரிசீலிக்கும் பொருட்டுத் தலைமை நீதிபதியிடம் அனுப்பினர். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் பள்ளிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அங்குப் பயிலும் தலித், தலித் கிறிஸ்தவ மாணவர்களின் எண்ணிக்கையை, பெயர்களைக் கேட்காமல், பத்து ரூபாய்க் கட்டணத்தில் மாணவர்களே கேட்டுப் பெறலாம்.