தோல் ஊரில் ஒரு தோடி!

ஆம்பூர் என்றால் பிரியாணி. ராணிப்பேட்டை என்றால் தோல் ஷாப். வேலூர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இந்தப் பக்கத்து ஆசாமி ஒருவர், 'சங்கீத புரொபசர் ஆகப் போறேன்' என்று சொன்னால், ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இத்தனைக்கும், 2004-ல் சங்கீத கலாநிதி வாங்கிய மிருதங்க மேதையின் பெயருக்கு முன்னால் இருப்பது நம்ம ஊர்தான் - வேலூர் ராமபத்ரன்!

ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். பி.காம்., வயது 26, பத்து வருஷமாக வாய்ப்பாட்டு.

"அண்ணே, காலேஜ்ல பாட்டு சொல்லித் தர்ற வேலைக்கு என்ன படிக்கணும்? எம்.ஏ.வா, பிஎச்.டி.யா, இல்லே கச்சேரி பண்ணிப் பேர் வாங்கினாப் போதுமா? வீட்ல பொண்ணு பார்க்கறாங்க. வேலையை விட்டுட்டேன்னா ஜாதகத்தையே திருப்பி அனுப்பிடுவாங்க!"

நியாயமான பயம். விதிகளைப் புரட்டினேன்.

அமெரிக்காவில் மேடைக்காரருக்கு டி.எம்.ஏ., ஆராய்ச்சிக்காரருக்கு பிஎச்.டி. என்று இரண்டு டாக்டர் பட்டங்கள். நம்மிடம் பெரும்பாலும் ஒரே ஏணிதான். முதல் படி எம்.ஏ., 55 சதவீத மார்க் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50). அடுத்த படி 'நெட்' அல்லது தமிழ்நாட்டு 'செட்'. அல்லது பிஎச்.டி.

நெட் மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மார்க். தப்பாக எழுதினால் மார்க் குறையாது. ஆனால், சங்கீதத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நம்ம கர்நாடக சங்கீதம் மட்டும் போதாது, இந்துஸ்தானியும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணியை எத்தனை உருக்கமாகப் பாடினாலும் கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது சார்!

பல்கலைக்கழகத் துறைகளில் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-ல் யு.ஜி.சி. சொன்னது. 2023-ல் அதைத் தளர்த்தி, நெட், செட் தேறியிருந்தாலே போதும் என்றுவிட்டது. 'எம்.பில். படிடா' என்று மாமா யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள்.

கச்சேரிக்காரர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு வாசலும் உண்டு. ஏதாவதொரு பட்டம், பேர்பெற்ற குருவிடம் பாடம், வானொலியிலோ தூர்தர்ஷனிலோ 'ஏ' கிரேடு, தியரியை விளக்கிச் சொல்லும் திறமை... இவை இருந்தால் எம்.ஏ. இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனால் 'ஏ' கிரேடு என்ன, ரேஷன் கடையிலா கிடைக்கிறது?

எங்கே படிப்பது? பேராசிரியர் சாம்பமூர்த்தி வளர்த்த சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் 2013-ல் தொடங்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ராணி மேரிக் கல்லூரியிலும் சங்கீதம் உண்டு, ஆனால் மீசை வைத்தவர்களுக்கு இடமில்லை! பி.காம். காரரைச் சேர்ப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பத்தை வரிக்கு வரி படிக்கவும். ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினம் போய் வரலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஆம்பூரிலிருந்து சென்னை சுமார் 180 கிலோமீட்டர். சாதகத்துக்குக் குரல் மிஞ்சாது.

தம்பிக்கு நான் சொன்ன யோசனை இதுதான். வேலையை நாளைக்கே விடாதே. இரண்டு வருஷச் சாப்பாட்டுக்குக் காசு சேர்த்துக்கொள். எம்.ஏ. கடைசி வருஷத்திலேயே நெட் எழுதலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத்தான் பொதுவாக 30 வயது, சில பிரிவினருக்குச் சலுகை உண்டு. அது கிடைத்தால், பிஎச்.டி. பண்ண முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். பொண்ணு வீட்டில் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்!

கசப்பையும் மறைக்கவில்லை. சங்கீதத்துக்குக் காலியிடங்கள் குறைச்சல், விளம்பரம் எப்போதோதான் வரும். கௌரவ விரிவுரையாளராகவே பல வருஷம் ஓட்டுகிறவர்கள் உண்டு. மேடை மட்டும்தான் ஆசை என்றால் இந்த ஏணியே வேண்டாம். சொல்லிக் கொடுப்பதில் ருசி இருந்தால் மட்டும் ஏறு.

"ஆராய்ச்சிக்கு என்ன தலைப்புண்ணே?"

மிருதங்கம் தோற்கருவி. பசு, எருமை, ஆடு என்று மூன்று தோல் அதில் பேசுகிறது. அதைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதினார். தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற ஊர்க்காரனுக்குத் தலைப்பு தேட ஊர் ஊராக அலைய வேண்டுமா, என்ன?