தாடைக்குக் கீழே அரை அங்குலம்

மேற்கத்திய முறையில் வயலின் கற்க என்னிடம் வருகிறவர்களை முதல் நாளே வாசிக்கச் சொல்வதில்லை. வயலின் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி நேராக நிற்கவைத்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் ஒரு சின்ன ஸ்கேலை எடுத்து, தாடை எலும்பின் அடிவிளிம்பிலிருந்து காறை எலும்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பேன். பிள்ளைகள் நெளிவார்கள். கூட வந்த அப்பாக்கள், "என்ன மிஸ், தையல்கடை மாதிரி இருக்கே" என்பார்கள். வருஷத்துக்கு நாலு தடவை போடும் பட்டுச் சட்டைக்கு அளவு கொடுக்கிறோம். தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாடையை வைக்கப்போகும் கட்டைக்கு அளவெடுக்க வேண்டாமா?

அந்தக் கட்டைதான் சின் ரெஸ்ட். வயலினின் அகலமான பக்கத்தில், டெயில்பீஸுக்குப் பக்கத்தில் கிண்ணம் மாதிரிக் குழிந்து இருக்குமே, அது. கருங்காலியிலோ ரோஸ்வுட்டிலோ செய்திருப்பார்கள். விலை குறைந்த வயலின் என்றால் பிளாஸ்டிக். தொழிற்சாலையில் ஏதோ ஒரு கட்டையை மாட்டி அனுப்புகிறார்கள். அது யாருடைய கழுத்துக்கு என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கணக்கு எளிது. வயலினின் விளிம்புத் தடிமன் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர். வயோலா அதைவிடத் தடிமன். தாடைக்கும் காறை எலும்புக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டர் உள்ள ஒரு பையனுக்கு, வயலின் போக மூன்று சென்டிமீட்டர் மிச்சம். அந்த இடத்தைச் சின் ரெஸ்ட் நிரப்ப வேண்டும், லேசாகக் காற்றோட்டம் விட்டு. கடையில் வந்த கட்டை இரண்டு சென்டிமீட்டர்தான் என்றால் பாக்கியை அவன் உடம்பு நிரப்பும். இடது தோள் காதை நோக்கி ஏறும், அல்லது தலை இடப்பக்கம் சாய்ந்து தொங்கும். ஒரு மாதத்தில் அது பழக்கமாகிவிடும். ஒரு வருஷத்தில் "எனக்கு இப்படித்தான் வசதி" என்று அவனே சொல்வான். குட்டைக் கழுத்துக்காரர்களின் பாடு வேறு. அவர்களுக்கு உயரமான கட்டை மாட்டினால் முகவாய் மேலே தள்ளப்பட்டு, பார்வை கூரைக்குப் போய்விடும். நோட்டேஷன் ஸ்டாண்டோ கீழே இருக்கிறது.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை ஏன் பெரிதாக இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம் வித்வான்கள் வயலினைக் கீழே உட்கார்ந்துதான் வாசிக்கிறார்கள். சுருள் முனை வலது பாதத்தின் மேல் ஊன்றியிருக்கும், மறுமுனை இடது தோளிலும் மார்பிலும் சாய்ந்திருக்கும். இரண்டு முனையும் தாங்கப்பட்டுவிட்டதால் இடது கை கமகத்துக்கு மேலும் கீழும் இஷ்டம்போல் வழுக்கலாம், தாடைக்கு வேலையே இல்லை. நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாசிக்கும் மேற்கத்திய முறையில் சுருள் முனை அந்தரத்தில் நிற்கிறது. இடது கை உச்ச ஸ்தானத்திலிருந்து கீழே இறங்கும்போது வயலினையும் தன்னோடு இழுக்கும். அந்த ஒரு கணம் வயலினை நிறுத்திவைப்பது தாடைதான். இரண்டு முறையும் கற்கும் பிள்ளைகள் இப்போது சென்னையில் நிறைய. ஒரே வயலினை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, தரையில் உட்காரும்போது சின் ரெஸ்ட்டைப் பற்றிக் கவலைப்படாதே, நிற்கும்போது மட்டும் அதைப் பார்த்துக்கொள்.

வயலின் பிறந்தபோது இந்தக் கட்டை கிடையாது. 1737-இல் இறந்துபோன வயலின் செய்யும் கலைஞர் ஸ்ட்ராடிவாரி தன் ஆயுளில் ஒரு சின் ரெஸ்ட்டைக்கூடப் பார்த்திருக்க வழியில்லை. அந்தக் காலத்து வயலின்கள் சிலவற்றில் டெயில்பீஸுக்குப் பக்கத்தில் வார்னிஷ் தேய்ந்து வெளுத்திருக்கும். வெறும் தாடை உரசிய இடம். 1820 வாக்கில் லூயி ஸ்போர் என்ற ஜெர்மன் வயலின் கலைஞர்தான் முதலில் ஒரு கட்டையைப் பொருத்தினார், அதுவும் நட்ட நடுவில், டெயில்பீஸுக்கு மேலே. பிற்பாடு அது இடப்பக்கம் நகர்ந்து பல வடிவங்கள் எடுத்தது. கடைகளில் 'குவார்னேரி மாடல்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அவரைப் போலவே வயலின் செய்த குவார்னேரி 1744-இலேயே போய்விட்டார். அந்தக் கட்டைக்கும் அவருக்கும் பெயரளவில்தான் உறவு. நடுவில் உட்காரும் வகைக்குக் கார்ல் ஃபிளெஷ் பெயர், முழுக்க இடப்பக்கம் இருப்பதற்குக் காஃப்மன் பெயர். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கட்டை இடப்பக்கம் போகப் போக வயலின் நெஞ்சுக்கு முன்னால் வரும். வில்லின் நுனிவரை இழுக்கக் கை எட்டாதவர்களுக்கு அது உதவும். நடுவில் இருந்தால் வயலின் தோள் பக்கம் ஒதுங்கும். உங்கள் கை நீளம்தான் அதைத் தீர்மானிக்கும்.

கொஞ்ச காலமாக வளைந்துகொடுக்கும் சின் ரெஸ்ட்கள் வந்திருக்கின்றன. கிண்ணத்துக்கும் அடிப்பிடிக்கும் நடுவே ஒரு தண்டோ மூட்டோ இருக்கும். 'க்ரெடில்' என்ற வகையில் உயரம், சாய்வு, திரும்பும் கோணம் எல்லாவற்றையும் மாற்றலாம். 'எஸ்.ஏ.எஸ்.' என்ற வகை 24, 28, 32, 35 மில்லிமீட்டர் என நான்கு உயரங்களில் வருகிறது, சாய்வை மாற்றிக்கொள்ளலாம். வளரும் பிள்ளைகளுக்கும், கழுத்து ரொம்ப நீளமாக உள்ளவர்களுக்கும், வயோலாக்காரர்களுக்கும் இவை நல்ல வரம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எல்லாவற்றையும் திருப்ப முடிகிறது என்பதாலேயே எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிவிட்டு, கடைசியில் எந்த மாற்றத்தால் வலி வந்தது என்று தெரியாமல் முழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உயரத்தை மட்டும் தொடுங்கள். இருப்பதிலேயே தாழ்வான நிலையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தலையை லேசாக 'ஆமாம்' என்று அசைத்தால் தாடை கிண்ணத்தில் வந்து உட்கார வேண்டும். அதுவே சரியான உயரம். அந்த உயரத்தில் சில நாள் ஸ்கேல்கள் வாசித்துப் பார்த்த பிறகு சாய்வு, அதற்குப் பிறகு கோணம். ஒவ்வொரு நிலையையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பழையபடி திரும்ப வழி இருக்கும்.

திருகைத் தளர்த்துவது வயலினை மடியிலோ துண்டு விரித்த மேசையிலோ வைத்துத்தான். தாடைக்கடியில் வைத்துக்கொண்டே திருகுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். ஒரு கை கிண்ணத்தைப் பிடித்திருக்கட்டும். திடீரென்று இறங்கினால் மேல்பலகையில் வடு விழும். அது ஸ்ப்ரூஸ் மரம், நகம் பட்டாலே பதியும். தண்டு உயர உயர, அடிப்பிடியின் மேல் விழும் நெம்புவிசையும் கூடும். அதனால் உயரமான நிலையில் வாசிக்கிறவர்கள் வாரம் ஒருமுறையாவது எல்லாத் திருகையும் தொட்டுப் பாருங்கள். பெட்டியை மூடும்போதும் கவனம் தேவை. உயர்த்திய கட்டை மூடியில் இடித்தால் அமுக்கி மூடாதீர்கள். கிண்ணத்தைத் தாழ்த்துங்கள், அல்லது கழற்றித் தனியே வையுங்கள்.

மாட்டும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், சேதம் பெரும்பாலும் அங்கேதான். சின் ரெஸ்ட்டின் பிடியில் இரண்டு உலோகக் குழாய்கள் நிற்கும், நடுவில் ஒரு சிறு துளையோடு. ஒரு முனை வளைந்த மெல்லிய கம்பிச் சாவியை அந்தத் துளையில் விட்டுத்தான் சுற்றுவோம். சாவி துளையைத் தாண்டி மறுபக்கம் நீட்டிக்கொண்டால் வயலினின் பக்கப்பலகையைக் கீறிவிடும். பழைய வயலின்களை வாங்கிப் பாருங்கள், குழாய்க்குப் பின்னால் பிறைபிறையாகக் கீறல் இருக்கும். நான் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். பிடியின் பாதங்களில் மேலும் கீழும் கார்க் ஒட்டியிருக்க வேண்டும். கார்க் உதிர்ந்த இடத்தில் உலோகம் நேரே மரத்தைக் கடிக்கும். பிடி உட்காரும் இடம் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், அதாவது டெயில்பீஸ் கட்டும் குமிழை ஒட்டி இருந்தால் உள்ளே கனத்த மரம் தாங்கும். அதைவிட்டு விலகி வெறும் பக்கப்பலகையில் இறுக்கினால் விரிசலுக்கு நாமே நாள் குறித்தாயிற்று. கையால் ஆட்டினால் அசையக் கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். புதுக் கார்க் சில நாளில் அமுங்கும், அப்போது இன்னொரு கால் சுற்று. கட்டை டெயில்பீஸைத் தொடுகிறதா என்று அதே விசிட்டிங் கார்டை நடுவில் விட்டுப் பாருங்கள். தொட்டால் சில ஸ்வரங்களில் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் வரும், நீங்கள் தந்தியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு நான் ஒரு சோதனை வைப்பேன். வயலினைத் தாடையில் வைத்துக்கொண்டே, "நேத்து ராத்திரி என்ன டிபன்?" என்று கேட்பேன். பல்லைக் கடித்தபடி "ட்தோச" என்று பதில் வந்தால் பிடி தப்பு. மனிதத் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. வயலின் அரைக் கிலோகூட இல்லை. தலை தன் பாரத்தோடு சும்மா உட்கார்ந்தாலே வயலின் நிற்கும். அழுத்தும் வேலையை யாரும் கேட்கவில்லை. ஷோல்டர் ரெஸ்ட் என்பது கீழே தோளின் சரிவை நிரப்பத்தான். கழுத்து நீளத்தைச் சமாளிக்க அதை உயர்த்திக்கொண்டே போகிறவர்கள் வில்லையும் சேர்த்து உயரத் தூக்க வேண்டிவரும், வலது தோள் சோர்ந்துபோகும். மேலே குறை இருந்தால் மேலேதான் நிரப்ப வேண்டும்.

வயோலா என் வாத்தியம். பதினாறு அங்குல வயோலாவை ரெக்கார்டிங்கில் மணிக்கணக்காகத் தாங்கினால் எதெல்லாம் வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலினுக்கு வாங்கிய சின் ரெஸ்ட்டை அப்படியே வயோலாவில் மாட்ட முயல்வது வீண். பக்கப்பலகை உயரம் கூடுதல், குழாய் நீளமானதாக வேண்டும். எட்டாத திருகைக் கடைசி மரையில் நிறுத்தினால் அது வாசிப்பின் நடுவில் கழன்றுவிடும்.

தோலைப் பற்றி. ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டி வந்து, "மிஸ், கழுத்துல கறுப்பா தடிச்சிருக்கு. நல்லா பிராக்டிஸ் பண்றதோட அடையாளம்னு சொல்றாங்களே, அப்படியா?" என்று கேட்டார். வாசிப்பவர்களிடையே அப்படி ஒரு பெருமை உண்டுதான். இதற்கு 'ஃபிட்லர்ஸ் நெக்' என்று மருத்துவப் பெயரே இருக்கிறது. உரசல், அழுத்தம், வியர்வை மூன்றும் சேர்ந்தால் வருவது. சென்னை மே மாதத்தில் கேட்க வேண்டுமா? சிலருக்குப் பிடியிலுள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ரோஸ்வுட். கம்மல் போட்டால் காது புண்ணாகிற பெண்களுக்கு நிக்கலைச் சந்தேகிக்கலாம். டைட்டானியம் பிடி கிடைக்கிறது, அலர்ஜி தராத பிளாஸ்டிக் கட்டையும் கிடைக்கிறது. அதற்கு முன்னால் பருத்திக் கைக்குட்டை ஒன்றைப் போட்டு, பிடியையும் சேர்த்து மூடி வாசித்துப் பாருங்கள். தினமும் துவைத்த கைக்குட்டை. வாசித்து முடித்ததும் கட்டையைத் துடைத்து, கழுத்தையும் கழுவுங்கள். அந்தப் பெண்ணின் கட்டையைக் கழற்றிப் பார்த்தபோது விளிம்பு ஓரிடத்தில் கூர்மையாக இருந்தது. விளிம்பு உருண்ட வேறொன்றை மாட்டினோம், தடிப்பு அடங்கியது. கறுப்பு போக நாளாயிற்று.

கழுத்தில் சீழ், கட்டி, வாயைத் திறக்கும்போது தாடை மூட்டில் சொடக்கு, வலி, இடது கை விரல்களில் மரமரப்பு, இவற்றில் எது இருந்தாலும் சின் ரெஸ்ட்டை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். வாசிப்பை நிறுத்திவிட்டுப் போங்கள். வலியைத் தாங்கினால்தான் வித்தை வரும் என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், பணிவாக வணக்கம் சொல்லிவிட்டு வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.

பிள்ளைக்கு அரை அளவு வயலினிலிருந்து முக்கால் அளவுக்கு மாற்றும்போது கழுத்தையும் மறுபடி அளந்துவிடுங்கள். சின் ரெஸ்ட் வாங்கப் போகும்போது வயலினையும், இப்போது பயன்படுத்தும் ஷோல்டர் ரெஸ்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், வாசிக்கிற பிள்ளையையும்தான். கடையிலேயே மாட்டி, பத்து நிமிஷம் வாசித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.